அலை தள்ளுமா, தள்ளாதா? உள் ஈர்ப்பலைகளும் சராசரி ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தல்லாகுளத்தில் என் வீட்டு மொட்டைமாடி அறையில் நாலடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. மீன் கிடையாது, உப்புத் தண்ணீர்தான். இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து அதில் அலை பார்ப்பார்கள். கூடவே அப்பா, அண்ணன், ஆட்டோ ஓட்டிவந்த தம்பி என்று யாராவது ஏறி வருவார்கள். வருஷக்கணக்காக வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சமன்பாடு எழுதவில்லை. எண்கள் உண்டு.

1. ஈர்ப்பு அலைன்னா, லிகோவுல கண்டுபிடிச்சாங்களே, அதா சார்?

இல்லை. 2015 செப்டம்பரில் லிகோ பிடித்தது காலவெளியே அதிர்வது. இங்கே பேசுவது தண்ணீரும் காற்றும் அசைவது. கனமான நீரைச் சற்று மேலே தூக்கிவிட்டால் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். இறங்குகிற வேகத்தில் தன் இடத்தைத் தாண்டிப் போகும், மறுபடி மேலே வரும். அந்த ஆட்டம் பரவுவதுதான் ஈர்ப்பலை. தண்ணீரின் மேற்பரப்பில் நடந்தால் சாதாரண அலை, உடம்புக்குள்ளேயே நடந்தால் உள் ஈர்ப்பலை.

நம் பக்கம் இந்தக் குழப்பத்தில் தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோவும் சேர்ந்துகொள்ளும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

2. அடுக்குப் பாய்மம்னு சொல்றீங்களே, ஜிகர்தண்டா மாதிரியா?

பாய்மம் என்றால் தண்ணீர், காற்று போல ஓடக்கூடியது. கனமானது கீழே, லேசானது மேலே என்று அது அமைந்திருந்தால் அடுக்குப் பாய்மம். ஜிகர்தண்டாவைக் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் சரிப்படாது. கலக்காத நன்னாரி சர்பத்துதான் சரியான உதாரணம். உயரமான கிளாஸில் இரண்டு விரல்கடை நன்னாரிப் பாகு ஊற்றுங்கள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் வழியவிட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இப்போது கிளாஸை லேசாகச் சாய்த்து நிமிர்த்தினால் மேல்பரப்பு சட்டென்று அடங்கிவிடும். உள்ளே பாகும் தண்ணீரும் சந்திக்கிற பரப்போ ஆடி அசைந்து நேரமெடுத்துத்தான் நிற்கும். தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் பெரியது, பாகுக்கும் தண்ணீருக்கும் உள்ளது சிறியது. இழுத்து நிறுத்தும் விசை குறைவு, அதனால் ஆட்டம் மந்தம்.

வளிமண்டலத்தில் இப்படிக் கோடு போட்டது போல இரண்டு அடுக்கு கிடையாது. அடர்த்தி மேலே போகப் போகச் சிறுகச் சிறுகக் குறைகிறது. ஒரு காற்றுத் துண்டைத் தூக்கிவிட்டால், நம் தலைக்கு மேலுள்ள கீழ் அடுக்கில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு ஆட்டம் ஆடும். 17 கி.மீ.க்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியரில் 5 நிமிடம். என் தொட்டியில் 5 விநாடி. இதை மிதப்புக் காலம் என்று வைத்துக்கொள்வோம், பின்னால் அடிக்கடி வரும்.

3. தண்ணிக்குள்ள அலை அடிக்குதுன்னா அதைக் கண்ணால எப்படிப் பாக்குறது?

முதலில் தொட்டியை நிரப்பும் விதம். இரண்டு வாளி. ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் லிட்டருக்குச் சுமார் 70 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டையும் அடியில் குழாயால் இணைத்து, நல்ல தண்ணீர் வாளியிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய். தொட்டிக்கு நீர் போகப் போக, உப்புத் தண்ணீர் இந்த வாளிக்குள் வந்து கலந்து, போகும் நீர் படிப்படியாகக் கனமாகும். அதைத் தொட்டியின் அடியில் மெதுவாக விட வேண்டும். கனமான நீர் அடியில் நுழைந்து லேசானதை மேலே தூக்கிக்கொண்டே போகும். 30 செ.மீ. ஆழம் நிரம்ப என்னிடம் மூன்று மணி நேரம். அவசரப்பட்டால் கலங்கிவிடும்.

அலை கிளப்ப, அடி நீளமுள்ள பூரிக்கட்டையைத் தொட்டியின் குறுக்கே நடு ஆழத்தில் தொங்கவிட்டு, கார் வைப்பர் மோட்டாரில் மாட்டி மேலும் கீழும் அசைக்கிறேன். தொட்டிக்குப் பின்னால் மெல்லிய கறுப்புக் கோடுகள் அச்சடித்த தாள். அடர்த்தி மாறினால் ஒளி வளையும், ஒளி வளைந்தால் கோடு நெளியும். கட்டையிலிருந்து நாலு பக்கமும் சாய்வாக நாலு பட்டைகள் நெளிந்துகொண்டே போவது தெரியும், பெருக்கல் குறி போட்டது மாதிரி. மௌப்ரே, ராரிட்டி என்ற இருவர் 1967இல் இந்தக் குறியைப் படம் பிடித்துக் காட்டினார்கள். குளத்தில் கல் போட்டால் வட்டம் வட்டமாகப் போகும் அலைக்குப் பழகிய கண்ணுக்கு இது அதிசயம்தான்.

4. வேகமா ஆட்டினா பெரிய அலை வரணுமே. ஏன் ஒண்ணுமே வரல?

தொட்டியின் மிதப்புக் காலம் 5 விநாடி. அதைவிட வேகமாக, 3 விநாடிக்கு ஒரு முறை ஆட்டினால், தண்ணீரால் அந்தத் தாளத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கட்டையைச் சுற்றிக் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். 7 விநாடிக்கு ஒரு முறை ஆட்டினால் பட்டைகள் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் போகும். இன்னும் மெதுவாக ஆட்டினால் பட்டை படுத்துக்கொள்ளும். அலையின் உயரமோ நீளமோ சாய்வைத் தீர்மானிப்பதில்லை, தாளம் மட்டும்தான் தீர்மானிக்கிறது.

மெதுவாக ஆட்டுவதற்கும் ஒரு எல்லை உண்டா என்று கேட்பவர்களுக்கு: நிற்கிற தொட்டியில் கிடையாது, சுழல்கிற தொட்டியில் உண்டு. 11ஆம் கேள்வியில் வருகிறது.

5. அலை மேல போகுதுங்கறீங்க. ஆனா கோடெல்லாம் கீழ இறங்குதே?

நன்றாகப் பார்த்தவர்கள் மட்டும்தான் இதைக் கேட்பார்கள். மேல்நோக்கிப் போகும் பட்டைக்குள் முகடும் தாழ்வும் கீழ்நோக்கி நகர்வதாகத்தான் தெரியும். ஆற்றல் பட்டையின் நீளத்தில் மேலே போகிறது, முகடுகள் அதற்குச் செங்குத்தாகப் பட்டையின் குறுக்கே இறங்குகின்றன. கண்ணை ஏமாற்றவில்லை, இந்த அலையின் குணமே அப்படி.

தளம் போடும்போது சாந்துச் சட்டி கைமாறி மேலே போவதை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் காலிச் சட்டி கீழே வந்துகொண்டிருப்பதுதான் கண்ணில் படும். சாந்து மேலேதான் போகிறது. இந்தச் சட்டி உதாரணத்தை விட்டுவிடாதீர்கள், இன்னும் வேலை இருக்கிறது.

6. எல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. ஆட்டத்தோட சராசரி பூஜ்யம்தானே? அப்புறம் என்ன சராசரி ஓட்டம்?

ஆட்டத்தின் சராசரி பூஜ்யம்தான். இரண்டு ஆட்டங்களைப் பெருக்கினால் வருவதன் சராசரி பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. மேலே ஏறும் காற்று அதே நேரம் விநாடிக்கு 2 மீட்டர் கிழக்கே போகிறது என்று வையுங்கள். இறங்கும்போது 2 மீட்டர் மேற்கே போகிறது. ஏறியதும் இறங்கியதும் சமம், கிழக்கும் மேற்கும் சமம். காற்று எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஆனால் ஏறும் காற்று கிழக்கு உந்தத்தை (நிறையை வேகத்தால் பெருக்கியது) மேலே கொண்டுபோகிறது, இறங்கும் காற்று மேற்கு உந்தத்தை மேலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறது. மேலே இருப்பவனுக்கு ஒன்று வரவு, இன்னொன்று கடன் கழிவு. இரண்டுமே லாபக் கணக்கு.

தளம் போடும் வரிசையில் ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், சாந்து மட்டும் போய்ச் சேருகிறது. அதுபோல இங்கே காற்று நின்ற இடத்தில் ஆடுகிறது, உந்தம் போய்ச் சேருகிறது. சேர்ந்த இடத்தில் காற்று ஒரு பக்கமாக ஓட ஆரம்பிக்கும். அலையின் பல சுற்றுகளைச் சராசரி எடுத்த பிறகும் மிச்சமாக நிற்கிற அந்த ஓட்டத்தைத்தான் சராசரி ஓட்டம் என்கிறோம்.

7. ராமேஸ்வரத்துல அலை கட்டையைக் கரைக்குத் தள்ளுதே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. கடல் மேற்பரப்பு அலையில் நீர்த்துளி வட்டமடிக்கிறது. வட்டத்தின் மேல்பாதியில் கொஞ்சம் வேகம் கூட, கீழ்பாதியில் கொஞ்சம் குறைச்சல், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் துளி ஒரு எட்டு முன்னால் போகும். 1847இல் ஸ்டோக்ஸ் கணக்குப் போட்டது, அவர் பெயரில் ஸ்டோக்ஸ் நகர்வு.

ஒரே தாளத்தில் போகும் உள்ளலைப் பட்டையில் துளி அலைமுகட்டின் நீளத்திலேயே முன்னும் பின்னும் போய்வருகிறது. முகட்டின் நீளத்தில் வேகம் எங்கும் ஒன்றுதான். எனவே போன தூரமும் வந்த தூரமும் சமம், நகர்வு பூஜ்யம். உள்ளலையிலும் மேலேயும் கீழேயும் முட்டித் திரும்பி நிற்கிற வகையில் ஸ்டோக்ஸ் நகர்வு வரும், அது வேறு கணக்கு.

8. அப்ப அலை போயிட்டே இருந்தா, வழியெல்லாம் காத்தைத் தள்ளிக்கிட்டே போகுமா?

போகாது. இந்த ஒன்று புரிந்தால் மற்ற எல்லாம் புரியும் என்பது என் கட்சி. அலை வலு மாறாமல், தேயாமல், சீராகக் கடந்துபோகும் இடத்தில் எவ்வளவு உந்தம் கீழிருந்து வருகிறதோ அவ்வளவும் மேலே போய்விடும். வரிசை நடுவில் நிற்பவன் கையில் சாந்து தங்குவதில்லை. வரிசை எங்கே அறுகிறதோ அங்கேதான் குவியும். எலியாசென், பாம் இருவரும் சார்னி, டிராசின் இருவரும் 1961ஐ ஒட்டி இதைத் தனித்தனியே காட்டினார்கள். 1970களில் ஆண்ட்ரூஸும் மெக்கிண்டைரும் பொதுமைப்படுத்தினார்கள்.

அலைக் கூட்டம் ஒன்று வரும்போது அதன் கூடவே ஒரு சின்ன ஓட்டம் வருவதுண்டு. கூட்டம் கடந்ததும் அது அடங்கிவிடும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நிலைத்து நிற்கும் மாற்றம் வேண்டுமானால் அலை சாக வேண்டும்.

சாவு மூன்று விதம். ஒன்று, பிசுக்குமையும் (பாய்மத்தின் உள் உராய்வு) வெப்ப இழப்பும் அலையைத் தேய்ப்பது. இரண்டு, வளர்ந்து உடைவது: மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அதே ஆற்றலுக்கு ஆட்டம் பெரிதாக வேண்டும். 30 கி.மீ. உயரத்தில் அடர்த்தி தரையில் உள்ளதில் 70இல் ஒரு பங்கு, ஆட்டம் எட்டு மடங்கு. ஒரு கட்டத்தில் கனமான காற்று லேசானதன் மேல் கவிழும், கடலலை கரையில் உடைவது போல உடையும். மூன்று, வீசும் காற்றின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகும் உயரத்தில் மாட்டிக்கொள்வது. அங்கே அலை காற்றோடு சேர்ந்தே போவதால் காற்றுக்கு அது ஆடாத அலை. மேலே ஏறும் வேகம் செத்துப்போகும். புக்கர், பிரெதர்டன் 1967இல் இதைக் கணக்கிட்டார்கள்.

9. மேற்குத் தொடர்ச்சி மலைல மோதுற ஆடிக்காத்து இந்த அலையைக் கிளப்புமா?

கிளப்பும். அம்மியைப் பறக்கவிடுகிற காற்றுக்கு இதுவா பெரிய விஷயம்! ஒரு ஆனி மாதம் ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் பழுதாகி நின்றபோது பார்த்தேன். கீழே மேலக்காற்று கண்ணைத் திறக்கவிடாமல் மண்ணை வாரி அடிக்கிறது. வருசநாட்டு மலைக்கு இந்தப் பக்கம் நீளமாக இரண்டு மேகப் பட்டைகள் நகராமல் நிற்கின்றன. அரை மணி நேரம் அதே இடம். காற்று மேகத்துக்குள் நுழைந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஏறும் இடத்தில் மேகம் பிறக்கிறது, இறங்கும் இடத்தில் கரைகிறது. மலைக்குக் கட்டுப்பட்டு நின்ற அலையின் முகடுகள் அவை.

மலை நகராததால் இந்த அலையின் வேகம் பூஜ்யம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசுவது ஏறத்தாழ 6, 7 கி.மீ. உயரம் வரைதான். அதற்கு மேலே கிழக்கிலிருந்து வீசும், 14, 15 கி.மீ. உயரத்தில் வேகமான கீழை ஜெட் காற்றாகவே ஓடும். கோட்டீஸ்வரம் 1950களில் விளக்கிய ஜெட் அது. மேற்கு கிழக்காக மாறும் உயரத்தில் காற்றின் வேகம் பூஜ்யத்தைத் தொட்டே ஆக வேண்டும். அலையின் வேகமும் பூஜ்யம். 8ஆம் பதிலின் மூன்றாவது சாவு நேராக அங்கேதான். காற்று மலையைக் கிழக்கே தள்ளுகிறது, மலை காற்றை மேற்கே தள்ளுகிறது. அந்தத் தள்ளின் ஒரு பங்கு மலையடியில் விழாமல் பல கி.மீ. மேலே போய் விழுகிறது. ஆடி மாதத்தில் நம் மலையலைகளுக்கு ஸ்ட்ராட்டோஸ்பியர் கதவு சாத்தியே இருக்கும்.

10. அதெல்லாம் சரி. உங்க தொட்டியில நிஜமாவே ஓட்டம் வந்துச்சா?

வந்தது, தெரியாமல்தான். ஒரு நாள் பெர்மாங்கனேட் துகள் ஒன்றைப் போட்டேன். விழுந்த வழியெல்லாம் செங்குத்தாக ஒரு ஊதாக் கோடு நின்றது. மோட்டாரை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், பட்டை கடக்கிற ஆழத்தில் மட்டும் கோடு கட்டையை விட்டு விலகி முன்னால் நீண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் மீசை மாதிரி சுருண்டு திரும்பியிருந்தது. தொட்டி ஒழுகுகிறது என்று நினைத்து அடியெல்லாம் துடைத்துப் பார்த்தேன். ஒழுகல் இல்லை. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். அதுவும் இல்லை.

பிரான்சில் லியோன் நகரில் போர்டே, வெனாய், ஜூபோ, ஓதியே, தோக்சுவா ஆகியோர் 2012இல் வெளியிட்ட சோதனை இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அலை கிளப்பும் பொருள் தொட்டியின் முழு அகலத்துக்கும் இருந்தால் இந்த ஓட்டம் வராது. முன்னால் தள்ளப்பட்ட நீர் திரும்பிவர மேலோ கீழோதான் போக வேண்டும், அடுக்கு விடாது. என் பூரிக்கட்டை ஒரு அடி, தொட்டியின் அகலம் ஒன்றரை அடி. பக்கவாட்டில் இடம் இருப்பதால் நீர் அதே மட்டத்தில் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. பட்டை நீளவாக்கில் தேய்கிறது, அகலவாக்கில் நடுவில் வலுவாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் படுக்கைவாட்டில் சுழி பிறந்து நிமிடத்துக்கு நிமிடம் வலுக்கும்.

11. பூமி சுத்துறதால இதுல என்ன மாறுது?

முதலில் தாளத்துக்குக் கீழ் எல்லை வருகிறது. சுழலும் பாய்மத்தில் படுக்கைவாட்டில் தள்ளிவிட்ட துளி தானே வட்டமடித்துத் திரும்பும். அந்த வட்டத்தின் காலம் அட்சரேகையைப் பொறுத்தது. துருவத்தில் 12 மணி நேரம், சென்னையில் 53, மதுரையில் 69 மணி நேரம், பூமத்திய ரேகையில் முடிவிலி. அதைவிட மெதுவான தாளத்தில் உள் ஈர்ப்பலை போகாது. ஆக மதுரை வானில் 5, 10 நிமிடத்திலிருந்து கிட்டத்தட்ட மூன்று நாள் வரைக்கும்தான் இந்த அலைகளுக்கு அனுமதி.

இரண்டாவது, துளி நேர்கோட்டில் போய்வராமல் நீள்வட்டம் போடும். நம் வடக்கு அரைக்கோளத்தில், ஆற்றல் மேலே போகும் அலையில், பலூன் ஏற ஏறக் காற்றின் திசை வலஞ்சுழியாகத் திரும்பிக்கொண்டே போகும். ஒற்றை பலூன் பதிவை வைத்து அலை கீழிருந்து வந்ததா மேலிருந்து வந்ததா என்று சொல்ல ஆராய்ச்சிக்காரர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது மாற்றம்தான் பெரியது, அடுத்த கேள்வி.

12. கிழக்கே தள்ளினா தெற்கே போகுமாமே? கேக்குறவன் கேனையனா இருந்தா...

கோபப்பட வேண்டாம், உண்மைதான். சுழலும் பூமியில் ஓடும் காற்றைக் கோரியாலிஸ் விசை வலப்பக்கம் ஒதுக்கும் (வடக்கு அரைக்கோளத்தில்). மாதக்கணக்கில் கிழக்கே ஒரு தள்ளு இருந்துகொண்டே இருக்கிறது, காற்றோ கிழக்கே வேகம் கூடிக்கொண்டே போகவில்லை என்றால், அந்தத் தள்ளை எதிர்த்து மேற்கே ஒரு விசை இருந்தாக வேண்டும். தெற்கே மெதுவாக நகரும் காற்றின் வலப்பக்கம் மேற்கு. ஆக, காற்று தெற்கே நகர்ந்து, அதனால் வரும் கோரியாலிஸ் விசையால் தள்ளைச் சரிக்கட்டிவிடுகிறது. மேற்கே தள்ளினால் வடக்கே நகரும்.

இதன் விளைவு 85, 90 கி.மீ. உயரத்தில் கண்கூடு. கோடைக் காலத் துருவத்தில் 24 மணி நேரமும் வெயில். ஆனால் அந்த உயரத்தில் பூமியின் வளிமண்டலத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் அதுதான், மைனஸ் 130 டிகிரி வாக்கில். கோடையில் ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்கு நோக்கிப் போகும் அலைகள் வழியில் மாட்டிக்கொள்கின்றன (8ஆம் பதில்). கிழக்கு நோக்கிப் போகும் அலைகள் தப்பி மேலே போய் உடைந்து கிழக்கே தள்ளுகின்றன. தள்ளின் வலப்பக்கம், அதாவது துருவத்தை விட்டு விலகி, காற்று ஓடுகிறது. ஓடிய இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று ஏறுகிறது, விரிகிறது, குளிர்கிறது. குளிர்காலத் துருவத்தில் எல்லாம் தலைகீழ்: காற்று இறங்கி அமுங்கிச் சூடாகிறது. லிண்ட்சென் 1981இலும் ஹோல்டன் 1982இலும் இந்தக் கணக்கைச் சரியாக்கினார்கள்.

13. ஒரு மழை மேகம் ரெண்டு மணி நேரம் தள்ளிட்டு நின்னுடுது. அப்பவும் தெற்கேதான் போகுமா?

போகாது. 12ஆம் பதில் நாள்பட்ட தள்ளுக்குத்தான். மதுரையில் பூமியின் சுழற்சி விழித்துக்கொள்ள 69 மணி நேரக் கணக்கு. சித்திரை மாதத்து இடிமழை அதற்குள் பெய்து ஓய்ந்துவிடும். அந்த நேரத்துக்குத் தள்ளிய திசையிலேயே காற்று வேகமெடுக்கும். பிறகு மெல்லச் சமநிலைக்கு வரும்: ஒரு பகுதி புது அலைகளாகப் பிரிந்து போகும், மிச்சம் அழுத்தத்தோடு சமன்பட்டு நிற்கும்.

அப்படிச் சமன்படும் அகலம் அடுக்கின் வலுவையும் தடிமனையும் சுழற்சியையும் பொறுத்தது. ஸ்ட்ராட்டோஸ்பியரில் 1 கி.மீ. தடிமனுள்ள ஒரு தள்ளுக்கு மதுரையில் ஏறத்தாழ 800 கி.மீ. அதே தள்ளு 60 டிகிரி வடக்கில் நடந்தால் 160 கி.மீ.தான்.

14. அப்ப பூமத்திய ரேகைல? அங்கதான் கோரியாலிஸே இல்லையே?

அதனால்தான் அங்கே நேரடியாகக் காற்றே திசை மாறுகிறது. 1883இல் கிரகட்டோவா வெடித்தபோது தூசி மேற்கு நோக்கி இரண்டு வாரத்துக்குள் உலகைச் சுற்றியது. ஆகவே மேலே கிழக்குக் காற்றுதான் என்றார்கள். 1908இல் பெர்சன் ஆப்பிரிக்காவில் பலூன் விட்டபோது மேற்குக் காற்று இருந்தது. இரண்டையும் பொருத்தத் தெரியாமல் அரை நூற்றாண்டு போனது. 1960ஐ ஒட்டி ரீட், எப்டன் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்: ஒரே காற்றுதான், சராசரியாக 28 மாதத்துக்கு ஒரு முறை கிழக்கு, மேற்கு என்று மாறி மாறி வீசுகிறது. மாற்றம் மேலே தொடங்கி மாதத்துக்கு ஏறத்தாழ 1 கி.மீ. கீழே இறங்குகிறது. பூமத்திய ரேகைக்கு இரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இதன் வீச்சு. 10 டிகிரியில் இருக்கும் மதுரை அதன் ஓரத்தில் வருகிறது.

15. 28 மாசம்னு யாரு கடிகாரம் வச்சா? சூரியனா, நிலாவா?

யாரும் இல்லை. அலைகளே வைத்துக்கொண்டது. வெப்பமண்டல இடிமேகங்களிலிருந்து கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் அலைகள் மேலே கிளம்புகின்றன. காற்று லேசாகக் கிழக்கே வீசினால், கிழக்கு நோக்கும் அலை காற்றோடு சேர்ந்து போவதால் மெதுவாக ஏறித் தாழ்வாகவே தேய்ந்து சாகும். செத்த இடத்தில் இன்னும் கிழக்கே தள்ளும். அதனால் கிழக்கு நோக்கிய ஓட்டம் வலுத்துக் கீழே இறங்கிக்கொண்டே வரும். மேற்கு நோக்கும் அலைக்கு இந்த ஓட்டம் தடையில்லை, தாண்டிப்போய் மேலே செத்து அங்கே மேற்கே தள்ளும். கீழே இறங்கிய ஓட்டம் அடித்தளத்தில் நசுங்கிக் கரைந்ததும் மேலிருப்பது இறங்க ஆரம்பிக்கும். சுழற்சி தொடரும். அலை வலுவாக இருந்தால் காலம் குறையும். லிண்ட்சென், ஹோல்டன் 1968இல் சொன்னார்கள், 1972இல் எளிமையாக்கினார்கள்.

பிளம்ப், மெக்கியூவன் 1978இல் இதைத் தொட்டியிலேயே காட்டிவிட்டார்கள். வளையத் தொட்டி, உப்பு அடுக்கு, அடியில் ரப்பர் சவ்வு. சவ்வு எந்தத் திசைக்கும் சாய்வு காட்டாமல் மேலும் கீழும் மட்டுமே ஆடியது. தண்ணீர் ஒரு பக்கம் சுற்ற ஆரம்பித்து, பிறகு நின்று, மறுபக்கம் சுற்றியது. தொட்டி சுழலவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் படித்த சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆனால் இந்தக் கடிகாரம் பிசகாதது அல்ல. 2016 தொடக்கத்தில், மேற்குக் காற்று வீசவேண்டிய அடுக்கின் நடுவில் திடீரென்று கிழக்குக் காற்று முளைத்தது. வடக்கிலிருந்து வந்த வேறு வகைப் பேரலைகள் செய்த வேலை. 2019-20இல் மறுபடி பிசகியது.

16. சுழற்சி இருந்தா, 6ஆம் பதில்ல சொன்ன பெருக்கல் கணக்கு தப்பாமே?

தப்பில்லை, பாதிக் கணக்கு. சுழலும் பாய்மத்தில் துளி நீள்வட்டம் போடுவதால் ஏறும்போது பக்கவாட்டிலும் விலகுகிறது. அந்த விலகலின் மேல் கோரியாலிஸ் விசையும் கை வைக்கிறது. உண்மையில் பார்க்க வேண்டியது, நெளியும் அடர்த்திப் பரப்பின் சாய்வில் கீழே உள்ள காற்று மேலே உள்ளதை எவ்வளவு தள்ளுகிறது என்பது. கணக்குப் போட்டால், அலையின் தாளம் கீழ் எல்லையைப் போல இரண்டு மடங்கு வேகமென்றால் பெருக்கலில் வருவதில் முக்கால் பங்குதான் நிஜமான உந்தம். தாளம் எல்லையை நெருங்கினால் அது பூஜ்யத்தை நெருங்கும். சில நிமிடத்து அலைகளுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் அலைகளுக்கு இதை விட்டால் பிழை பெரிது.

மாட்டிக்கொள்ளும் உயரமும் கொஞ்சம் முன்னால் வந்துவிடும். காற்றோடு சேர்ந்து பார்க்கும்போது அலையின் தாளம் பூஜ்யமாகும் வரை போக வேண்டியதில்லை, சுழற்சியின் எல்லையைத் தொட்டாலே சிக்கல் தொடங்கும். 1967இல் ஜோன்ஸ் காட்டியது. 9ஆம் பதிலில் சொன்ன மலையலை 50 கி.மீ. நீளம் என்றால், மதுரையில் காற்று விநாடிக்கு 0.2 மீட்டருக்குக் குறையும்போதே அது நடக்கும். பூஜ்யத்துக்கும் அதற்கும் நமக்கு வித்தியாசம் இல்லை.

7ஆம் பதிலின் ஸ்டோக்ஸ் நகர்வுக்கும் சுழற்சி ஒரு கடிவாளம் போடுகிறது. 1950இல் ஊர்செல் காட்டியபடி, பிசுக்குமை இல்லாத சுழலும் கடலில் சீரான அலை துளியை நாள்பட ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே இருக்க முடியாது. நகர்வைச் சரிக்கட்டும் எதிர் ஓட்டம் தானே வந்துவிடும்.

17. இதெல்லாம் மழை சொல்ற மாடல்ல இருக்கா? யாராச்சும் அளக்குறாங்களா?

இருக்கிறது. உலக வானிலையைக் கணினியில் கணிக்கும் மாதிரிகளின் கட்டங்கள் பல கி.மீ. அகலம், சின்ன அலைகள் அதற்குள் அடங்காது. 1980களின் நடுவரை பல மாதிரிகளில் குளிர்கால மேற்குக் காற்று அளவுக்கு மீறி வீசியது. மலையலைகள் மேலே செத்துத் தரும் தடையைப் பாமர், ஷட்ஸ், ஸ்வின்பேங்க் (1986), மெக்ஃபார்லேன் (1987) ஆகியோர் தனியாகச் சேர்த்ததும் சரியானது. அலையை வரையாமல் அதன் சாவை மட்டும் கணக்கில் எடுப்பது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, பெரும்பாலும் அலை நேராக மேலே போகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் தொட்டியில் பார்த்தோமே, சாய்ந்துதான் போகிறது.

அளப்பதும் நடக்கிறது. திருப்பதி பக்கம் கடங்கியில் பெரிய ரேடார் இருக்கிறது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் 1990களில் நிறுவிய ரேடார் 70 கி.மீ.க்கு மேலுள்ள காற்றை அளந்தது. உந்தத்தை அளக்க ஒரு தந்திரம் உண்டு: இரண்டு கதிர்களை எதிரெதிராகச் சாய்த்து, இரண்டிலும் வேக ஏற்ற இறக்கத்தின் வித்தியாசத்தை எடுத்தால் 6ஆம் பதிலின் பெருக்கல் நேரடியாக வந்துவிடும். வின்சென்ட், ரீட் 1983இல் கொண்டுவந்த முறை.

18. வைகை அணைல இது நடக்குமா?

வெயில் காலத்தில் மேல்நீர் சூடாகி அடுக்கு உண்டானால் உள்ளலை வரும். சுழற்சிக்கு வேலையில்லை, அணைநீரின் அகலம் அதற்குச் சின்னது.

19. வீட்ல சுத்துற தொட்டி செய்யலாமா சார்?

செய்யலாம். நான் மானாமதுரையில் ஒரு பானைச் சக்கரம் வாங்கி, பேரிங் மாற்றி, கியர் வைத்த சின்ன மோட்டாரை ரப்பர் பெல்ட்டில் இணைத்தேன். 40 விநாடிக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் கீழ் எல்லை 20 விநாடி, மேல் எல்லை அதே 5 விநாடி. 12 விநாடித் தாளத்தில் அசைத்தால் பட்டை தெரியும், 25 விநாடியில் ஒன்றும் வராது. நிற்கிற தொட்டியில் அதே 25 விநாடிக்குப் பட்டை கிட்டத்தட்டப் படுத்தபடி போகும். அந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

முதல் தடவை நிரப்பி முடித்த பிறகு மோட்டாரைப் போட்டேன். சுவரோரம் நீர் சுழல, நடுவில் நிற்க, மூன்று மணி நேர உப்பு அடுக்கு பத்து நிமிடத்தில் கலங்கிவிட்டது. சுற்றவிட்டபடியே நிரப்ப வேண்டும். வாளிகள் தரையில் இருந்தால் குழாய் முறுக்கிக்கொள்ளும், அதனால் இரண்டு வாளியையும் சக்கரத்தின் மேலேயே, தொட்டிக்கு மேலே ஒரு பலகை அடித்து எதிரெதிரே உட்கார வையுங்கள். எடை ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் பெல்ட்டில் சொட்டினால் வழுக்கும்.